கப்பலை விட்டு இறங்கிய நாள்

நம்முடைய பழைய நாவல்களில் சீமைக்குப் போகும் இளைஞர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஓர் அத்தியாயத்தின் முடிவில் தாயார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பாள். பையன் கப்பல் ஏறுவான். அடுத்த அத்தியாயத்தைத் திறந்தால் மூன்று வருஷம் ஓடியிருக்கும். அவன் பாரிஸ்டராகவோ டாக்டராகவோ திரும்பி வந்து, வாயில் சுருட்டுடன், மாமன் மகளை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருப்பான். நடுவில் ஒருநாள், முன்பின் தெரியாத துறைமுகத்தில், பெட்டியும் கையுமாக அந்தப் பையன் தனியாக நின்றிருப்பானே, அந்த நாழிகையைப் பற்றி அநேகமாக ஒரு வரி இருக்காது. கதைக்கு அது வேண்டியதில்லை என்று விட்டுவிடுவார்கள். ஆனால் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், அந்த ஒரு நாளிலேயே முக்கால் நாவலுக்கு விஷயம் இருக்கிறது.

எல்லாருக்கும் தெரிந்த உதாரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1888-ஆம் வருஷம் செப்டம்பர் கடைசியில், பத்தொன்பது வயது நிரம்பச் சில நாட்களே இருந்த மோகன்தாஸ் காந்தி இங்கிலாந்தில் கரை இறங்கினார். கரை இறங்கும் நாளுக்கென்று வெள்ளை ஃபிளானல் உடுப்பு ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்தார். அதை மாட்டிக்கொண்டு இறங்கிப் பார்த்தால், அத்தனை ஜனத்திலும் வெள்ளையாக நிற்பவர் அவர் ஒருவரே! அங்கே இலையுதிர் காலம் வந்துவிட்டது; கறுப்பும் சாம்பலுமாக ஊரே உடை மாற்றிவிட்டது. சரி, மாற்றிக்கொள்ளலாம் என்றால் பெட்டி சாவி எல்லாம் கம்பெனி ஏஜெண்டிடம் போய்விட்டன. அன்று சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு, பெட்டி வராது. ஆக, மனத்துக்குள் கூசிக்கொண்டே லண்டன் விக்டோரியா ஹோட்டலில் அந்த வெள்ளை உடுப்போடு காலம் தள்ளவேண்டியதாயிற்று.

நான் சோமனூர்க்காரன். காலையில் கண் விழிப்பதே தறிச் சத்தத்தில்தான். காடா துணியும் பாவு நூலுமாக வாழும் ஊரில், ஒரு மனிதனுக்கு அவன் உடுத்தியிருக்கும் துணியே அவமானமாகப் போன கதையை லேசாகத் தாண்டிப் போக முடிவதில்லை. பின்னாளில் அதே மனிதர் துணியை வைத்தே ஒரு சாம்ராஜ்யத்தை ஆட்டி வைத்தார் என்பது வேறு விஷயம்.

அன்று இரவு எட்டு மணிக்கு அவரைப் பார்க்க ஒருவர் வந்தார்: டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா. பேச்சு நடுவில் பையன் மேத்தாவின் பட்டுத் தொப்பியை எடுத்து, அதன் ரோமத்தை எதிர்ப்பக்கமாகத் தடவிப் பார்த்தான். மேத்தாவுக்குச் சற்றுக் கோபம். ஆனால் அந்தக் கோபத்தோடேயே முதல் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தார். பிறர் சாமானைத் தொடாதே, நம் ஊரில்போல் முதல் சந்திப்பிலேயே குலம் கோத்திரம் விசாரிக்காதே, உரக்கப் பேசாதே, பார்க்கிறவரையெல்லாம் ‘ஐயா’ போட்டுக் கும்பிடாதே, அங்கே வேலைக்காரர்கள்தாம் அப்படிக் கூப்பிடுவார்கள். ஹோட்டலில் இருந்தால் கட்டுப்படியாகாது, ஒரு குடும்பத்தோடு தங்கு என்றும் சொன்னார். மூன்று பவுன் பில்லைப் பார்த்துப் பையன் திடுக்கிட்டது அதற்குப் பிறகுதான். ராத்திரிகளில் ஊர் நினைப்பில் அழுததைக் காந்திஜியே மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார். இருந்தாலும் அந்த முதல் இரவில் கதவைத் தட்ட ஓர் ஆள் இருந்தார் என்பதை மறக்கக்கூடாது.

இனி நம் பக்கத்து மனிதருக்கு வருவோம்.

சோமனூரில் ரயில் ஏறிக் கிழக்கே போனால், திருப்பூரைத் தாண்டி ஈரோடு. அந்த ஈரோட்டில் 1887 டிசம்பர் 22-ஆம் தேதி, தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்தவர் கணித மேதை ராமானுஜன். பாட்டனார் ஈரோடு முன்சீப் கோர்ட்டில் அமீனா. குழந்தை வளர்ந்தது கும்பகோணத்தில் என்றாலும், பிறந்த மண்ணை வைத்துக் கொங்கு நாட்டாரும் அவர்மேல் கொஞ்சம் சொந்தம் கொண்டாடலாம் என்றே நினைக்கிறேன்.

ராமானுஜனைக் கண்டெடுத்தவர் ஹார்டி என்று உலகம் பேசுகிறது. நியாயம்தான். ஆனால் அவரைக் கப்பல் ஏறச் சம்மதிக்க வைத்தவர் எரிக் நெவில் என்ற இளைஞர். 1914 ஜனவரியில் சென்னைக்குச் சொற்பொழிவு செய்ய வந்தபோது நெவிலுக்கு வயது இருபத்தைந்து. ராமானுஜனைவிட ஒரு வயது சிறியவர். சர்வகலாசாலை வருஷத்துக்கு 250 பவுன் உபகாரச் சம்பளம் கொடுக்க முன்வந்தது; கப்பல் செலவும் உடுப்புச் செலவும் தனி.

உடுப்பு! மறுபடியும் துணிக்கே வந்துவிட்டோம். காலர், டை, காலுறை, பூட்ஸ் எல்லாம் வந்து சேர்ந்தன. கத்தியும் முள்ளும் பிடித்துச் சாப்பிடப் பழக்கினார்கள். இவற்றையெல்லாம் ஒருவிதமாகச் சகித்துக்கொள்ளலாம். குடுமியை எடுத்ததுதான் பெரிய காரியம். தாயார் கோமளத்தம்மாளும் இளம் மனைவி ஜானகியும் கும்பகோணம் போய்ச் சேர்ந்த பிறகே கத்தரி வைத்தார்கள். அந்தக் கோலத்தை அவர்கள் பார்க்கவேண்டாம் என்ற எண்ணம். 1914 மார்ச் 17-ஆம் தேதி ‘நெவாஸா’ என்ற கப்பலில் ராமானுஜன் புறப்பட்டார். வழியனுப்பப் பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள். கண்ணீர் விட வேண்டியவர்கள் வேறு ஊரில் இருந்தார்கள்.

ஏப்ரல் 14-ஆம் தேதி கப்பல் தேம்ஸ் நதிக்குள் புகுந்தது. ஊரில் சித்திரை பிறந்த சமயம். வேப்பம்பூப் பச்சடியும் பஞ்சாங்கம் படிப்பதுமாக இருந்திருக்கும் வீட்டிலிருந்து நாலு வாரப் பிரயாண தூரத்தில், கழுத்தை அறுக்கும் காலரோடு, குடுமியில்லாத பின்கழுத்தில் காற்றுப் படும் உணர்வோடு, ராமானுஜன் கரையைப் பார்த்திருப்பார். கரையில் நெவில் நின்றுகொண்டிருந்தார். தம் சகோதரரையும் ஒரு மோட்டார் காரையும் கூடவே கொண்டுவந்திருந்தார்.

இந்த இடத்தில் வாசகர்கள் சற்று நிற்கவேண்டும் என்பது என் ஆசை. நெவிலும் ஒரு கணித அறிஞர், தமக்கென்று வேலையுள்ளவர். ஒரு கடிதம் எழுதி, ‘இந்த ரயிலைப் பிடித்து வந்துவிடும்’ என்று சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சொன்ன சொல்லுக்குத் தாமே போய்த் துறைமுகத்தில் நின்றார் பாருங்கள், அதை நான் எந்தத் தேற்றத்துக்கும் குறைவாக மதிக்கமாட்டேன்.

காரில் ஏறி அவர்கள் போனது தென் கென்ஸிங்டனில், இயற்கைச் சரித்திரக் காட்சிச்சாலைக்கு எதிரே, க்ராம்வெல் ரோடு 21-ஆம் எண் வீடு. புதிதாக வந்திறங்கும் இந்திய மாணவர்கள் தங்குவதற்கென்று 1910-இல் ஏற்பட்ட இடம் அது. இதைக் கேட்டவுடன் அரசாங்கத்தாரின் தாராளத்தை மெச்சத் தோன்றும். கொஞ்சம் பொறுக்கவேண்டும்.

லண்டனின் வடக்கே ஹைகேட்டில், க்ராம்வெல் அவென்யூ 65-ஆம் எண்ணில் வேறொரு வீடு இருந்தது. பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள், அதுவும் க்ராம்வெல்! சியாம்ஜி கிருஷ்ணவர்மா 1905-இல் ஆரம்பித்த ‘இந்தியா ஹவுஸ்’ அது. தனியாக வந்து தவிக்கும் மாணவனுக்கு அங்கே அறை கிடைத்தது. வாய்க்குப் பழகிய சாப்பாடு கிடைத்தது. கூடவே சுதந்திர வெறியும் பரிமாறப்பட்டது. 1907-இல் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டர் படிக்கப் போன வரகனேரி வ. வே. சு. ஐயர் அந்த வீட்டோடு ஒட்டிக்கொண்டார். பாரிஸ்டராகத் திரும்ப வேண்டியவர், 1910 கடைசியில் முஸ்லிம் வேஷத்தில் புதுச்சேரியில் வந்து இறங்கினார். நடுவில், 1909 ஜூலை 1-ஆம் தேதி, மதன்லால் திங்க்ரா என்ற மாணவன் கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றிருந்தான். மாணவர்கள் எந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள் என்பது ராஜாங்க விஷயமாகிவிட்டது. மாணவர்களுக்குத் தகவல் சொல்ல என்று ஏற்பட்ட அரசாங்கக் காரியாலயம் குடியேறியதும் அந்த 21-ஆம் எண் வீட்டுக்குத்தான். சோறும் படுக்கையும் கொடுக்கும் இடமே கண்காணிக்கும் இடமும் என்று மாணவர்கள் சந்தேகித்ததில் ஆச்சரியம் என்ன?

இருந்தாலும், முதல் நாள் இரவில் வந்து விழும் ஒருவனுக்கு அதெல்லாம் தெரியவா போகிறது? படுக்க ஓர் இடம், நம் முகஜாடையில் நாலு பேர். சர்க்கார் பயந்து கட்டிய வீடானாலும் அந்த இரவுக்கு அது வீடுதான். ராமானுஜன் அங்கே இருந்தது நாலு நாள். ஏப்ரல் 18-ஆம் தேதி கேம்பிரிட்ஜ் சென்று, செஸ்டர்டன் ரோட்டில் நெவில் தம்பதிகளின் வீட்டில் சுமார் ஆறு வாரம் விருந்தாளியாக இருந்தார். ஜூனில் டிரினிடி கல்லூரிக்குள் தனி அறைக்குப் போய்விட்டார். ஹார்டியின் அறைக்கு அருகில் இருக்கலாமே என்பதுதான் காரணம்.

தனி அறை. அங்கேதான் கதை திரும்புகிறது.

குளிர் வந்தது. அப்போது கிங்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர் பிரசாந்த சந்திர மஹலனோபிஸ். இந்தியப் புள்ளியியல் கழகத்தைப் பின்னாளில் நிறுவிய அதே மஹலனோபிஸ். ராத்திரியில் குளிர் தாங்கவில்லை, ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையும் போர்த்திப் படுக்கிறேன் என்று அவரிடம் ராமானுஜன் சொன்னார். கம்பளி போதவில்லையோ என்று மஹலனோபிஸ் படுக்கையறைக்குப் போய்ப் பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. ஓரமெல்லாம் மெத்தைக்கடியில் இறுகச் செருகி, மேலே ஒரு விரிப்பும் போட்டிருந்தது. அதைப் பிரித்து உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியாது. மேல் விரிப்பின்மீதே அத்தனை நாளும் படுத்திருக்கிறார்! மஹலனோபிஸ் கம்பளிகளைப் பிரித்துக் காட்டினார். ராமானுஜன் நெகிழ்ந்து போனாராம்.

சென்னிமலைப் போர்வைக்கும் பவானி ஜமுக்காளத்துக்கும் பேர்போன சீமையில் பிறந்தவருக்கு இப்படி ஒரு சோதனை. நம் வழக்கம் என்ன? கீழே விரிப்பது ஒன்று, மேலே போர்த்துவது ஒன்று. அதைச் செருகி மூடி வைக்கிற வழக்கம் நம் வீடுகளில் ஏது? பார்க்கிறவனுக்கு அது கெட்டியான மெத்தையாகத்தானே தோன்றும்?

எங்கள் தெருவில் தறிக்கூடம் வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “ஏனுங்க, அத்தன படிச்சவரு, பக்கத்துல யாரையாச்சும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்களே?” என்றார். உடனே அவரே, “எப்படீங்க கேக்கறது? எப்படிப் படுக்கறதுன்னா கேக்க முடியும்?” என்று சொல்லிவிட்டு ஊடை நூலைப் பார்க்கப் போய்விட்டார்.

அதுதான் சங்கதி. எலிப்டிக் சார்பு பற்றிச் சந்தேகம் வந்தால் ஹார்டியைக் கேட்கலாம். அதில் கௌரவக் குறைவு இல்லை. படுக்கையைப் பற்றி எப்படிக் கேட்பது? நெவில் துறைமுகத்துக்கு வந்தார், காரில் ஏற்றிக்கொண்டார், வீட்டில் வைத்துக்கொண்டார். ஹார்டி தினமும் கூட உட்கார்ந்தார். படுக்கையைச் சொல்லித்தர ஒருவருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் அது தெரியாத மனிதன் ஒருவன் இருப்பான் என்று அவர்களுக்குத் தெரியாது. ராமானுஜனின் முதல் நாள் அந்தக் கட்டிலில் மட்டும் மாதக்கணக்காக நீண்டுகொண்டே போயிருக்கிறது; நம் ஊரிலிருந்து போன இன்னொரு பையன் வந்துதான் அதை முடித்துவைத்தான். அந்தக் குளிருக்கும் 1917-இல் வந்த வியாதிக்கும் முடிச்சுப்போட நான் தயாரில்லை. அது வைத்தியர்கள் இன்னும் வாதாடும் விஷயம்.

1919-இல் ஊர் திரும்பிய ராமானுஜன், 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி சென்னையில் காலமானார். அந்தச் செய்தியைப் பத்திரிகையில் பார்த்த ஒரு தாயார், பத்து வயது நிரம்பாத தம் மகனிடம் சொன்னார். மகன் பெயர் சந்திரசேகர், சர் சி. வி. ராமனின் அண்ணன் பிள்ளை. பத்து வருஷம் கழித்து அதே தாயார் நோயாகப் படுத்திருந்தார். மகனுக்குக் கேம்பிரிட்ஜ் போக உபகாரச் சம்பளம் கிடைத்தது. போகாதே என்று சொல்லப் பலர் இருந்தார்கள். போ என்று சொன்னவர் அந்த அம்மாள்தான்.

1930 ஜூலை 31-ஆம் தேதி பம்பாயில் ‘பில்ஸ்னா’ என்ற கப்பலில் ஏறிய சந்திரசேகருக்கு வயது பத்தொன்பது. கப்பலில் அவர் போட்ட கணக்கு, நட்சத்திரங்களின் முடிவைப் பற்றியது. 1983-இல் நோபல் பரிசு வந்தபோது உலகம் நினைவுகூர்ந்த கணக்கு அது. ஆகஸ்டு 19-ஆம் தேதி லண்டன் சேர்ந்தார். நட்சத்திரங்களைக் கணக்கில் அடக்கியவருக்குக் கல்லூரியில் இடம் இருக்கிறதா என்பதே லண்டனில் சந்தேகமாகிவிட்டது. சென்னைக் காரியாலயத்துக்கும் லண்டன் காரியாலயத்துக்கும் நடுவில் காகிதங்கள் குழம்பிப் போயிருந்தன. இந்திய ஹை கமிஷனர் ஆபீசில் அவருக்குக் கிடைத்தது கடுமையான வார்த்தைகள். அவர் நம்பி வந்த பேராசிரியர் ஃபவுலரோ ஊரில் இல்லை. ஃபவுலர் வந்து சொன்ன பிறகுதான் டிரினிடியில் இடம் கிடைத்தது. மறு வருஷம் மே மாதம் தாயார் போய்விட்டார்.

1936-இல் சந்திரசேகர் இந்தியா வந்தபோது ஹார்டி அவரிடம் ஒரு வேலை சொல்லியிருந்தார்: ராமானுஜனின் நல்ல படம் ஒன்று வேண்டும். சந்திரசேகர் சென்னையில் ஜானகியம்மாளைத் தேடிப் போனார். படம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு, பிறகு யோசித்து, அந்த அம்மாள் பழைய பாஸ்போர்ட் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். 1919-இல் திரும்பி வருவதற்காக எடுத்தது. இன்று பாடப்புத்தகத்திலும் தபால்தலையிலும் நாம் பார்க்கும் முகம் அதுதான். கோட்டும் காலரும் டையுமாக, வெட்டிய தலைமுடியோடு, ஊருக்குப் புறப்படத் தயாராக இருக்கிறார்.