துண்டு: தோட்டத்துறையின் அறிமுகச் சீட்டு

வணிக உலகில் ஒருவரை மற்றொருவருக்கு அறிமுகஞ் செய்தற்குச் சில ஒழுங்குகள் உள. ஐரோப்பிய மரபிலே, பதவியாற் குறைந்தவரை உயர்ந்தவருக்கு முதலில் அறிமுகஞ் செய்வர். பெயரும் தொழிலும் கூறுவர். நேரிற் செல்ல இயலாவிடத்து அறிமுகக் கடிதம் அப்பணியை ஆற்றும். இலங்கைப் பெருந்தோட்டங்களிலும் இத்தகைய கடிதமொன்று வழங்கிற்று. அதுவே 'துண்டு' எனப்பட்டது.

தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளரைத் திரட்டி வந்த கங்காணியே அவர்களுக்கும் துரைக்கும் இடையில் நின்றார். பயணச் செலவும் முன்பணமும் தொழிலாளியின் கணக்கிற் கடனாக ஏறின. கங்காணியோ தோட்டத்திற்குக் கடன்பட்டிருந்தார். அவர் தம் ஆட்களுடன் வேறு தோட்டஞ் செல்ல விரும்பின், துரையிடம் துண்டு பெறுவார். இன்ன தொகை செலுத்தப்படின் இக்கங்காணியும் இத்தனை ஆட்களும் விடுவிக்கப்படுவர் என்பதே அதன் சாரம். புதிய துரை அத்தொகையைச் செலுத்தி அவர்களை ஏற்பார்.

வணிகரின் அறிமுகக் கடிதம் ஒருவரது நம்பகத்தன்மைக்குச் சான்று பகர்வது. துண்டு பகர்ந்ததோ அவரை விடுவிப்பதற்கான தொகையை. தொழிலாளியின் பெயருக்கோ திறனுக்கோ விருப்பத்திற்கோ அதில் இடமிருக்கவில்லை. எண்ணிக்கையில் ஒருவராகவே அவர் அறிமுகமானார்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பர்ச் செய்கை விரைந்து பரவியபோது இம்முறையின் கேடு முற்றியது. வரக்காப்பொல உள்ளிட்ட கேகாலைப் பகுதியும் அக்காலத்தில் இறப்பர் நிலமாயிற்று. ஆட்களுக்குத் தோட்டங்கள் போட்டியிட்டன. துண்டுத் தொகைகள் உயர்ந்தன. கங்காணிக்கு அது புதிய முன்பணத்துக்கு வழியாயிற்று. ஆனால் கடற்சுமையோ இறுதியில் தொழிலாளியின் தோளிலேயே தங்கிற்று. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, முறையான முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குதல் தண்டனைக்குரிய குற்றமாகவும் இருந்தது.

துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும், கங்காணியின் செல்வாக்கு உடன் மறைந்திலது. 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றி, அதன்வழித் தொழிற்சங்கம் தோட்டங்களில் வேரூன்றிய பின்னரே, தொழிலாளர் தாம் தெரிந்தெடுத்த தலைவர் வாயிலாகத் துரையுடன் பேசும் நிலை உருவாயிற்று.

அறிமுகம் என்பது வெறும் நாகரிகச் சடங்கன்று. ஒருவரைக் குறித்துப் பேசும் உரிமை யாரிடம் உள்ளது என்பதை அது காட்டிவிடுகிறது. பெயர் சொல்லி அறிமுகமாகும் உரிமையைப் பெறத் தோட்ட மக்கள் பல தலைமுறைகள் காத்திருக்க நேர்ந்தமை நம் வணிக வரலாற்றில் மறத்தற்கரிய பகுதியாகும்.