வெக்கையை வென்ற கல்வி



என்னிடம் பயின்ற சிவகாசி மாணவன் ஒருவனுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. “மாட்டுக்கு ஊசி போடவா இத்தனை படிப்பு?” என்று உறவினர் நகைத்தனர். அவன் தலைகுனிந்து என்னிடம் வந்தான். அன்று அவனுக்குச் சொன்ன வரலாற்றையே இன்று உங்களுக்கும் சொல்ல விழைகிறேன்.

சிவகாசியில் 1923ஆம் ஆண்டில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றுவதற்கு முன், இக்கரிசல் பூமியின் உழவனுக்கு வானமும் ஏர்மாடுமே துணை. மழை பொய்த்தால் ஓராண்டு வறுமை. மாடு மாண்டால் பல்லாண்டு வறுமை. வெக்கை நோய் புகுந்த ஊரில் தொழுவங்கள் வெறுமையாகிவிடும் என்று என் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன். காய்ச்சல், வாய்ப்புண், கடுங்கழிச்சல், பின்னர்ச் சாவு: இதுவே அந்நோயின் போக்கு.

ஐரோப்பாவையும் அந்நோய் வாட்டியது. அக்காலத்திலேதான், 1761ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டு லியோன் நகரில் கால்நடை மருத்துவப் பள்ளி தோன்றியது. நம் மாநிலத்தில் இக்கல்வி 1903ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் சைதாப்பேட்டையில் இருபது மாணவர்களுடன் தொடங்கிற்று. பின்னர் வேப்பேரியில் நிலைபெற்றது. 1936ஆம் ஆண்டில் அக்கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, இந்தியாவிலேயே முதன்முதலாகக் கால்நடை மருத்துவத்தில் இளநிலைப் பட்டம் வழங்கும் பெருமையைப் பெற்றது. மாட்டு வைத்தியம் பல்கலைக்கழகக் கல்வியாயிற்று!

அக்கல்வியின் பயன் யாது? வெக்கையினின்று பிழைத்த மாட்டை அந்நோய் மீண்டும் தீண்டுவதில்லை. இவ்வுண்மையே தடுப்பூசிக்கு அடிப்படை. 1920களில் முக்தேசுவரத்து ஆய்வுக்கூடத்தில் எட்வர்ட்சு என்னும் அறிஞர் நோய்க்கிருமியை ஆடுகளின் உடலில் அடுத்தடுத்து வளர்த்து, அதன் வீரியத்தைத் தணித்தார். 1932ஆம் ஆண்டில் இராணிப்பேட்டையிலும் தடுப்பு மருந்து ஆக்கும் நிலையம் அமைந்தது. ஊர் ஊராகச் சென்று மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டவர்களின் உழைப்பால், 1995ஆம் ஆண்டோடு இந்தியாவில் வெக்கை ஒழிந்தது. 2011ஆம் ஆண்டில் உலகமே அதனின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. மனிதன் அடியோடு ஒழித்த நோய்கள் இரண்டே: ஒன்று பெரியம்மை, மற்றொன்று வெக்கை.

இதனைக் கேட்ட மாணவன் நிமிர்ந்து சென்றான். மாணவர்களே, கோமாரியும் ஆட்டுக்கொல்லியும் வெறிநோயும் இன்னும் ஒழிந்தபாடில்லை. வேப்பேரி தொலைவென்று தயங்கவும் வேண்டா. 2012ஆம் ஆண்டு முதல் திருநெல்வேலியிலும் இக்கல்லூரி உண்டு. வாயில்லா உயிரின் நோயைக் கண்டறிதல் வாயுள்ளவன் நோயைக் கண்டறிதலினும் அரிது. அரிய செயலை விரும்புவோர் இக்கல்வியை நாடுக!