செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணி

"எந்த ஃபெரைனில் இருக்கிறீர்கள்?"

குடியுரிமை நேர்காணலில் ஐந்து பேர் எனக்கு முன்னால் இருந்தார்கள். கூட்டாட்சி அரசு, வாக்கெடுப்பு, மலை, ஏரி என்று எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று பதில் சொல்லிக்கொண்டு வந்தவன், இந்தக் கேள்வியில் நின்றுவிட்டேன். ஃபெரைன் என்றால் சங்கம். உதைபந்தாட்டம், துப்பாக்கி சுடுதல், பித்தளை வாத்தியம், பாட்டு என்று சுவிஸ் கிராமங்களில் எல்லாவற்றுக்கும் ஒரு சங்கம் இருக்கும். நான் இந்த நாட்டில் பிறந்தவன். பொறியியலில் முதுநிலைப் பட்டம் எடுத்து ஐ.டி. ஆலோசகராக வேலை செய்கிறவன். ஆனால் ஒரு சங்கத்திலும் இல்லை. தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழாவில் கதிரை அடுக்கியதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை.

கடவுச்சீட்டு கிடைத்தது. கேள்வி மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. சில மாதங்கள் கழித்து ஊர்க் கடையில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. கிராமத்துச் சேர்ந்திசைக் குழுவுக்கு ஆண் குரல்கள் தேவை. இசைக் குறிப்பு வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணி, பள்ளிக்கூட மண்டபம். உண்மையைச் சொன்னால், பாட்டு ஆசையில் நான் போகவில்லை. "இப்ப கேளுங்கோ பாப்பம்" என்ற கோபத்தில்தான் போனேன்.

மண்டபத்தில் முப்பது பேர் வரை இருந்தார்கள். பெரும்பாலும் ஓய்வூதியம் எடுக்கிறவர்கள். நடத்துனர் என்னை ஒரு சுரவரிசை பாடவைத்துவிட்டு, "பாஸ்" என்று பின்வரிசையைக் காட்டினார். பக்கத்தில் ஓய்வுபெற்ற ஒரு தச்சர். என் தாளில் நாங்கள் பாடவேண்டிய வரியை விரலால் காட்டித் தந்தார்.

கோயிலில் பஜனை பாடி வளர்ந்தவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. பஜனையில் எல்லோருக்கும் ஒரே மெட்டு. ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் திருப்பிப் பாடுவோம். இங்கே பாட்டின் மெட்டு பெரும்பாலும் சோப்ரானோ பெண்களிடம் இருக்கிறது. ஆல்ட்டோவுக்கு வேறு வழி, டெனருக்கு வேறு வழி. பாட்டு மலையேறிப் போகும்போது பாஸ்காரர்கள் நாங்கள் மூன்று சுரத்தைப் பிடித்துக்கொண்டு அடிவாரத்தில் நிற்போம். முதல் மாதம் முழுக்க என் குரல் சோப்ரானோவின் பின்னாலேயே ஓடியது. தச்சர் ஒருநாள் சொன்னார்: "அவர்களைக் கேள். ஆனால் அவர்களோடு போகாதே."

இப்படி ஒரு விளையாட்டை யார் ஊர் ஊராகப் பரப்பியது என்று தேடத் தொடங்கினேன். அது என்னைச் சூரிச்சுக்குக் கொண்டுபோனது.

பாட்டை நிறுத்திய நகரம்

சூரிச்சின் மதச் சீர்திருத்தவாதி ஸ்விங்லி பல வாத்தியங்கள் வாசிக்கத் தெரிந்தவர். ஆனால் 1520களில் தேவாலய வழிபாட்டிலிருந்து பாட்டை அகற்றியவரும் அவர்தான். 1527 இல் குரோஸ்மூன்ஸ்டர் தேவாலயத்தின் ஓர்கனையும் எடுத்துவிட்டார்கள். 1598 இல்தான் சூரிச் தேவாலயங்களில் மக்கள் பாட்டு திரும்பி வந்தது. ஓர்கன் குரோஸ்மூன்ஸ்டருக்குத் திரும்ப 1876 ஆனது.

அந்த நகரத்திலிருந்துதான் சுவிஸின் சேர்ந்திசை இயக்கம் புறப்பட்டது. அதன் தந்தை ஹான்ஸ் கேயோர்க் நேகெலி. 1773 இல் வெட்சிகோனில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்தவர். சூரிச்சில் இசைக் கடையும் பதிப்பகமும் நடத்தினார். பேத்தோவனின் பியானோ சொனாட்டா ஒன்றை 1803 இல் அச்சிட்டபோது, தன் பாட்டுக்கு நான்கு தாளக்கட்டுகளைச் சேர்த்துவிட்டார். பேத்தோவன் கொதித்துப் போனார். எங்கள் துறையில் சொல்வதென்றால், யாரிடமும் காட்டாமல் இன்னொருவருடைய கோடில் கை வைத்து நேரே வெளியிட்ட கதை.

அப்படித் துணிச்சலான மனிதர் 1805 இல் ஒரு பாட்டுப் பயிற்சி நிலையம் தொடங்கினார். 1810 இல் மிகாயேல் திரவுகோட் ஃபைஃபர் என்பவரோடு சேர்ந்து பாட்டுக் கற்பிக்கும் நூல் ஒன்றை வெளியிட்டார். கல்வியாளர் பெஸ்டலோசியின் வழிதான் அதற்கு அடிப்படை. பெரிய விஷயத்தை மிகச் சிறிய துண்டுகளாகப் பிரி. தாளத்தைத் தனியாகப் பழகு. சுரத்தைத் தனியாகப் பழகு. சத்தத்தை ஏற்றி இறக்குவதைத் தனியாகப் பழகு. பிறகு ஒன்றாகச் சேர். பொறியியல் படித்த எனக்கு இது உடனே பிடித்துப் போனது. திறமை பிறவியில் வரும் வரம் என்று சொல்லி ஆட்களை வாசலில் நிறுத்தாமல், யாரும் ஏறக்கூடிய படிக்கட்டாக அதைக் கட்டியிருக்கிறார்.

அவர் ஏன் இவ்வளவு கஷ்டப்பட்டார்? நேகெலியின் பார்வையில் சேர்ந்திசை ஒரு குடியாட்சி. ஒவ்வொருவரும் தன் குரலையும் தன் வரியையும் விடாமல் வைத்திருக்கிறார்கள், ஆனாலும் எல்லோரும் சேர்ந்தால்தான் பாட்டு. 1826 இல் அவர் சூரிச்சில் ஒரு ஆண்கள் பாடகர் சங்கத்தைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் சூரிச் நகரத்தார் கையில் அதிகாரம், கிராமத்தாருக்குச் சம உரிமை இல்லை. 1830 நவம்பர் 22 ஆம் தேதி ஊஸ்டரில் ஆயிரக்கணக்கான கிராமத்து மக்கள் கூடி அந்த உரிமையைக் கேட்டார்கள். கூடி நிற்கவும், ஒரே நேரத்தில் வாய் திறக்கவும், பக்கத்தில் நிற்பவனை நம்பவும் மக்கள் எங்கோ பழகியிருக்க வேண்டும். பாட்டுச் சங்கங்கள் அப்படி ஒரு பழகும் இடம்.

நேகெலி 1836 இல் இறந்தார். 1842 இல் ஆராவில் நாடு தழுவிய பாடகர் சங்கம் உருவானது. 1843 இல் சூரிச்சில் அதன் முதல் பெருவிழா. 1848 இல், இன்றைய சுவிஸின் முதல் கூட்டாட்சி அரசியலமைப்பு வந்த அதே வருடம், பாடகர் சங்கங்கள் சேர்ந்து நேகெலிக்குச் சூரிச்சின் ஹோஹே புரோமனாட்டில் நினைவுச் சிலை வைத்தன. ஸ்டாடெல்ஹோஃபன் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரம்தான். ஒருநாள் போய்ப் பாருங்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த நாடு தழுவிய சங்கம் ஆண் பாடகர்களுடையது. சுவிஸ் பெண்களுக்குத் தேசிய அளவில் வாக்குரிமை கிடைத்தது 1971 இல். "எல்லோரும் சேர்ந்து" என்ற சொல்லுக்குள் உண்மையிலேயே எல்லோரும் வந்து சேர எப்போதும் நேரம் எடுத்திருக்கிறது.

எட்டு மணிக்கு அப்பா எங்கே?

இதை எழுதும்போது எனக்கு அப்பாவின் நினைவு வந்தது. அவர் 1985 இல் வந்தவர். ஊரில் கோயில் திருவிழா என்றால் தேவாரம் பாட அவரைத்தான் கூப்பிடுவார்களாம். சுவிஸ் வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஒரு உணவகச் சமையலறையில் நின்றார். முதலில் கோப்பை கழுவினார், பிறகு மரக்கறி வெட்டினார், கடைசியில் சமைத்தார்.

செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்கு அவர் எங்கே இருந்தார்? உணவகத்தில் சனம் நிறைந்திருக்கும் நேரம் அதுதான். அம்மா அந்த நேரத்தில் அலுவலகம் ஒன்றைத் துப்பரவு செய்துகொண்டிருந்தார். உங்களில் பலருடைய வீட்டிலும் இதே கதைதான். "தமிழர்கள் சங்கங்களில் சேர்வதில்லை" என்று இனி யாராவது சொன்னால், அந்தச் சங்கம் எத்தனை மணிக்குக் கூடுகிறது என்று திருப்பிக் கேளுங்கள். கிராமம் பாடிக்கொண்டிருந்த நேரத்தில், அது சாப்பிட்ட கோப்பைகளைக் கழுவியது எங்கள் பெற்றோர்.

"சேர்ந்திசை வெள்ளைக்காரருடையது, எங்களுக்கு எதற்கு?" என்று ஒரு நண்பன் கேட்டான். அவனுக்கு எம். பி. சீனிவாசனைப் பற்றிச் சொன்னேன். 1925 இல் பிறந்தவர். 'பாதை தெரியுது பார்' படத்துக்கும் நிறைய மலையாளப் படங்களுக்கும் இசையமைத்தவர். திரை இசைக்கலைஞர்களுக்குச் சங்கம் அமைக்க முன்னின்றவர். 1970களின் தொடக்கத்தில் சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழு ஒன்றை உருவாக்கி, பாரதியார் பாடல்களைப் பல குரல்களில் பாடவைத்தார். பகலில் வேறு வேலையும் படிப்பும், மாலையில் பாட்டு. சூரிச்சில் நேகெலி கண்ட அதே வகை ஆட்கள். 1988 இல் அவர் இறந்த பிறகும் அந்தக் குழு பாடியது. ஆகவே அந்த நண்பனுக்கு என் பதில்: சேர்ந்திசை பழகியவருக்கெல்லாம் சொந்தம்.

வீட்டை இழந்தவரின் மெட்டு

போன ஆகஸ்ட் முதலாம் தேதி கிராமத்து விழாவில் எங்கள் குழு தேசிய கீதம் பாடியது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். முன்வரிசை வாங்கில் இருந்து கேட்டார். முடிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "இது ஆர் தம்பி போட்ட மெட்டு?"

சொன்னேன். ஆல்பெரிக் ஸ்வீசிக் என்ற கத்தோலிக்கத் துறவி. 1808 இல் ஊரி மாநிலத்தில் பிறந்தவர். வெட்டிங்கன் மடத்தில் இசைக்குப் பொறுப்பாக இருந்தார். 1841 ஜனவரியில் ஆர்காவ் அரசு தன் எல்லைக்குள் இருந்த மடங்களை மூடியது. ஸ்வீசிக் வீடில்லாதவராகி, சூக் நகரில் சகோதரர் வீட்டில் தங்கினார். அங்கேதான் லியோன்ஹார்ட் விட்மர் அனுப்பிய பாட்டு வரிகள் அவர் கைக்கு வந்தன. விட்மரும் 1808 இல் பிறந்தவர். ஆனால் அவர் சூரிச் புரொட்டஸ்தாந்துக்காரர், தாராளவாதி. அதாவது மடங்களை மூடிய அரசியலின் பக்கத்து ஆள். ஸ்வீசிக் அந்த வரிகளைத் தூக்கி எறியவில்லை. தான் முன்பு மடத்து வழிபாட்டுக்காகச் செய்திருந்த ஒரு மெட்டை எடுத்து அதில் பொருத்தினார். 1841 நவம்பர் 22, இசையின் புனிதர் செசிலியாவின் நாள். அன்று மாலை சூக்கைச் சேர்ந்த நான்கு பேர் அவரோடு அதைப் பாடிப் பார்த்தார்கள்.

ஆறு வருடம் கழித்து, 1847 இல், அந்த இரண்டு பக்கமும் உள்நாட்டுப் போருக்கே போனது. பாட்டு மட்டும் இரண்டு பக்கத்துப் பாடகர் குழுக்களிலும் பரவியது. அதைத் தேசிய கீதமாக்கச் சொல்லிப் பலமுறை கேட்டும் அரசு மறுத்தது. மக்கள் தாங்களே பாடித் தெரிவு செய்யட்டும் என்றது. 1961 இல் தற்காலிகமாக ஏற்றுக்கொண்டார்கள். 1981 இல்தான் நிரந்தரம். எழுதியதிலிருந்து 140 வருடம். எங்கள் குடியுரிமைக் கோப்பு அவ்வளவு மோசமில்லை என்று அப்பாவுக்குப் பகிடி விட்டேன்.

அப்பா சிரிக்கவில்லை. "அந்தச் சாமியாருக்கு திரும்பித் தன்ர இடத்துக்குப் போகக் கிடைச்சதோ?" என்று கேட்டார்.

இல்லை. 1854 இல் அவருடைய துறவிகள் எல்லைக்கு அப்பால் பிரேகன்ஸில் இருக்கும் மேரராவில் புது மடம் அமைத்தார்கள். அதே வருடம் அங்கேயே இறந்துபோனார்.

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. காரில் ஏறும்போது, "செவ்வாய்க்கிழமை எண்டனீ?" என்றார்.

இப்போது எங்கள் பாஸ் வரிசையில் இரண்டு தமிழர் இருக்கிறோம். அப்பாவுக்கு இசைக் குறிப்பு தெரியாது, என் தாளையும் பார்ப்பதில்லை. ஒருமுறை கேட்டால் காதில் பிடித்துக்கொள்கிறார். சோப்ரானோவின் பின்னால் அவர் ஒருநாளும் ஓடியதில்லை.

உங்கள் கிராமத்திலும் ஒரு குழு இருக்கும். இளம் குரல் இல்லாமல் பல குழுக்கள் மூடப்படும் நிலையில் இருக்கின்றன. யாருக்கும் எதையும் நிரூபிப்பதற்காகப் போகாதீர்கள். அந்தக் கோபத்தோடு போனால் ஒரு மாதம் வீணாகும், நான் பட்டிருக்கிறேன். சும்மா போய்ப் பின்வரிசையில் நில்லுங்கள். உங்கள் அப்பா அம்மாவுக்கு இப்போது மாலையில் நேரம் இருந்தால், அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.