தேன் இல்லாத மாதங்கள்: மார்த்தாண்டத்துத் தேன் பெட்டியின் நூறு வருஷக் கதை

இன்னைக்கு கொஞ்சம் வீட்டுக் கதை, நிறைய வரலாறு. இடம், கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம் ஒரு வீட்டின் பின்புறம்.

என் சின்ன வயசு கோடை லீவு எல்லாம் அங்கேதான். பாட்டா வீடு, அதாவது அம்மாவோட அப்பா வீடு. அடுக்களைக்குப் பின்னாடி பத்து சென்ட் தோட்டம். பந்தலில் பாகல், புடலை. தரையில் வெள்ளரி, பூசணி. ஓரத்தில் கத்தரி, வெண்டை. அதுக்கும் பின்னாடி, ரப்பர் மரங்கள் ஆரம்பிக்கிற இடத்தில் பன்னிரண்டு மரப்பெட்டிகள். ஒவ்வொன்றும் ஒற்றைக் கால் மேல நிற்கும். எறும்பு ஏறாமல் இருக்க காலைச் சுற்றி தண்ணீர்.

நாங்க போய்ச் சேரும்போது அந்த சீசனின் கடைசித் தேன் எடுப்பு நடக்கும். பாட்டா பெட்டியைத் திறக்கும்போது நான் பக்கத்தில் நின்று எட்டிப் பார்ப்பேன். "மக்களே, மூச்ச அதுக மேல விடாத. அதுகளுக்குப் பிடிக்காது" என்பார். பிறகு ஒரு துண்டு அடையை உடைத்து என் கையில் வைப்பார். காலையில் பறித்த வெள்ளரிக்காயைத் தேனில் தொட்டுத் தின்றதுதான் என் நினைவில் இருக்கிற கோடை.

போன வருஷம் பாட்டா காலமாயிட்டார். இப்போ அங்கே நாலு பெட்டிதான் மிச்சம். ஏப்ரல்ல மாமா போன் பண்ணினார். "இத யாருக்காவது குடுத்திரலாமாடே?" நான் யோசிக்கவே இல்லை. "வேண்டாம் மாமா, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் அவர் கேட்டார்: "ஏப்ரல்ல பாப்பியா, ஆகஸ்ட்ல பாப்பியா?"

எனக்கு அந்தக் கேள்வியே புரியலை. புரிந்துகொள்ள முயற்சி பண்ணினதுதான் இந்த எபிசோடு.

முதலில் பெட்டியைத் திறப்போம். உள்ளே மரச்சட்டங்கள் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொரு சட்டத்திலும் ஒரு அடை. எதை வேண்டுமானாலும் தனியாக வெளியே எடுக்கலாம், பார்க்கலாம், திரும்ப வைக்கலாம். இது நமக்குச் சாதாரணமாகத் தெரியும். ஆனா மனித வரலாற்றில் பெரும்பகுதி தேன் எடுக்கிறது என்றால் கூட்டை உடைக்கிறதுதான். புகை போட்டு, அடையை அறுத்து, புழுவும் முட்டையும் சேர்த்துப் பிழிகிறது. ஒரு தடவை தேன் எடுத்தால் அந்தக் கூட்டின் அடுத்த தலைமுறை காலி.

இதை மாற்றின ஐடியாவைத் தேடினால் நாம் பதினெட்டாம் நூற்றாண்டு ஜெனீவாவுக்குப் போகணும். பிரான்சுவா ஹியூபர் 1750-இல் பிறந்தவர். பதினைந்து வயது முதல் பார்வை மங்கி, கடைசியில் முழுக்கப் போய்விட்டது. அவருக்குத் தேனீ மேல ஆர்வம். பார்வை இல்லாதவர் தேனீயை எப்படி ஆராய முடியும்? அவரோட வேலையாள் பிரான்சுவா பர்னென்ஸ்தான் கண்ணாக இருந்தார். ஹியூபர் கேள்வி கேட்பார், சோதனையை வடிவமைப்பார். பர்னென்ஸ் பார்த்துச் சொல்வார். ஒரு கட்டத்தில் இரண்டு கூடுகளில் இருந்த ஒவ்வொரு தேனீயையும் தனித்தனியாகப் பிடித்துப் பார்த்திருக்கிறார் பர்னென்ஸ். அதற்குப் பதினோரு நாள் ஆனது. இந்த ஆராய்ச்சிக்காக ஹியூபர் செய்த கூடு ஒரு புத்தகம் மாதிரி. பக்கம் பக்கமாகத் திருப்பி உள்ளே பார்க்கலாம். 1792-இல் அவர் முடிவுகள் நூலாக வந்தன. ராணித் தேனீ கூட்டுக்கு வெளியே, வானில் பறந்துதான் இணைசேரும் என்பது அவற்றில் ஒன்று.

ஆனா ஹியூபரின் கூடு ஆராய்ச்சிக்கானது. அதை எல்லாரும் பயன்படுத்துகிற பொருளாக மாற்றினவர் அமெரிக்காவில் பிலடெல்பியாவில் இருந்த லாரன்சோ லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார். அன்றைக்குப் பெட்டியில் தேனீ வளர்த்தவர்களுக்கு ஒரு தொல்லை இருந்தது. தேனீ எல்லாவற்றையும் பிசின் போட்டு ஒட்டிவிடும். மூடியைக் கத்தி வைத்து நெம்பணும். லாங்ஸ்ட்ராத் கவனித்தது ஒரு இடைவெளியை. சுமார் மூன்றே எட்டில் அங்குலம், அதாவது ஒன்பதரை மில்லிமீட்டர் விட்டால், தேனீ அதில் பிசினும் பூசாது, அடையும் கட்டாது. நடந்து போகிற வழியாக விட்டுவிடும். குறைத்தால் பிசின் பூசும். கூட்டினால் அடை கட்டும். 1851-இல் அந்த இடைவெளியை ஒவ்வொரு சட்டத்தைச் சுற்றியும் விட்டுப் பெட்டியை வடிவமைத்தார். 1852 அக்டோபரில் காப்புரிமை கிடைத்தது. அதில் அவருக்குப் பெரிசா பணம் வரவில்லை. காப்பி அடித்தவர்களோடு வழக்கு நடத்தியே சோர்ந்து போனார் மனிதர்.

1865-இல் ஹ்ருஷ்கா என்பவர் மூன்றாவது துண்டைச் சேர்த்தார். சட்டத்தை ஒரு டப்பாவில் வைத்து வேகமாகச் சுற்றினால் தேன் மட்டும் தெறித்து வெளியே வரும். அடை உடையாது. அதையே திரும்ப வைத்தால் தேனீக்கு அடை கட்டும் வேலை மிச்சம். பாட்டா வீட்டுத் திண்ணையில் நான் கைப்பிடி சுற்றின அந்த டிரம் இதுதான்.

ஆக ஸ்பெக் ரெடி. அப்படியே இந்தியாவில் இறக்கிவிடலாம் இல்லையா? இறக்கிப் பார்த்தார்கள். 1882-இல் வங்காளத்தில், 1883-84-இல் பஞ்சாபில். பெரிய பலன் இல்லை.

ஏன் கஷ்டம் என்பதைப் புரிந்துகொள்ள, தேனீயைப் பார்க்கணும். லாங்ஸ்ட்ராத் பெட்டி ஐரோப்பியத் தேனீக்கு அளந்து செய்தது. நம்ம வீட்டுப் பெட்டியில் இருப்பது இந்தியத் தேனீ, அடுக்குத் தேனீ என்றும் சொல்வோம். உருவம் சின்னது, கூட்டத்தின் எண்ணிக்கையும் குறைவு. ஐரோப்பியத் தேனீயின் அடை அறை ஒன்று சுமார் 5.3 மில்லிமீட்டர் அகலம். நம்ம தென்னிந்தியத் தேனீக்கு அது ஐந்துக்கும் கீழே. சின்னக் கூட்டத்தைப் பெரிய வீட்டில் குடிவைத்தால் மூலை முடுக்கைக் காவல் காக்க ஆள் போதாது. மெழுகு அந்துப்பூச்சி புகுந்துவிடும். அப்புறம் நம்ம தேனீக்கு ஒரு குணம் உண்டு. இடம் பிடிக்கலைன்னா, பசி வந்தா, அடிக்கடி தொந்தரவு பண்ணினா, மொத்தக் கூட்டமும் பெட்டியைக் காலி பண்ணிவிட்டுப் பறந்து போய்விடும். காலையில் போய்த் திறந்தால் வெறும் அடை மட்டும் இருக்கும். இந்தக் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்க. மாமாவோட கேள்வி இங்கேதான் இருக்கு.

தென்னிந்தியாவில் இதற்கு விடை கண்டவர் பாதிரியார் நியூட்டன். 1910 வாக்கில் நம்ம தேனீக்குத் தக்க ஒரு சின்னப் பெட்டியை வடிவமைத்தார். சட்டம் சுமார் எட்டு அங்குல நீளம், ஐந்தே முக்கால் அங்குல உயரம். பரப்பில் லாங்ஸ்ட்ராத் சட்டத்தின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 1911 முதல் 1917 வரை கிராமத்து மக்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். 'நியூட்டன் பெட்டி' என்ற பேர் இன்னைக்கும் புழக்கத்தில் இருக்கு.

அந்தப் பெட்டி மார்த்தாண்டத்தில் வேரூன்றினது 1920களில். அப்போ இந்தப் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956 நவம்பர் 1-இல்தான் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த ஸ்பென்சர் ஹாட்ச், ஒய்.எம்.சி.ஏ. சார்பில் மார்த்தாண்டத்தில் ஒரு கிராம மேம்பாட்டு மையம் நடத்தினார். கோழி வளர்ப்பு, நெசவு மாதிரியான கைத்தொழில்களோடு தேனீ வளர்ப்பும் அங்கே கற்றுக் கொடுக்கப்பட்டது. நிலமே இல்லாதவனும் தேனீ வளர்க்கலாம் என்பதுதான் இதன் கவர்ச்சி. ஒரு பெட்டி வைக்க இரண்டு சதுர அடி போதும், மேய்ச்சல் ஊரான் தோட்டத்தில். ஹாட்ச் வலியுறுத்தின கொள்கை ஒன்று உண்டு: வேலையை மக்களே செய்யணும், விஷயம் தெரிஞ்ச ஆள் கிட்டவே இருந்து சொல்லிக் கொடுக்கணும். பெட்டியை விநியோகிச்சா மட்டும் போதாது என்பதை அவர் புரிந்து வைத்திருந்தார்.

இன்னொரு அதிர்ஷ்டமும் சேர்ந்தது. ரப்பர். குமரி மாவட்டத் தேனின் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதே இல்லை, இலையிலிருந்து வருகிறது! ரப்பர் மரம் டிசம்பர், ஜனவரியில் இலை உதிர்க்கும். புது இலை தளிர்க்கும்போது, இலைக்காம்பின் நுனியில் மூன்று சிற்றிலைகள் சேருகிற இடத்தில் உள்ள சுரப்பிகள் இனிப்பு நீரைச் சுரக்கும். தேனீ அதைத்தான் உறிஞ்சிக் கொண்டு வரும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அதுதான் சீசன்.

தோட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. பூசணி, வெள்ளரி, பாகல் மூன்றிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. மகரந்தத்தை யாராவது சுமந்து போகணும். காலையில் பூ விரிந்ததும் தேனீ அந்த வேலையைச் செய்யும். ஆனா எல்லாக் காய்க்கும் தேனீதான் காரணம்னு சொன்னா அது தப்பு. புடலம்பூ ராத்திரிதான் விரியும், அதற்கு அந்துப்பூச்சி வேணும். கத்தரிப்பூவைப் பிடித்து அதிர வைத்தால்தான் மகரந்தம் உதிரும். தேனீக்கு அந்த வித்தை தெரியாது, பெரிய கருவண்டுக்குத் தெரியும். "கருவண்ட அடிக்காத, அது கத்தரிக்கா குடுக்கும்" என்று பாட்டா சொன்னதன் அர்த்தம் எனக்கு இப்போதான் தெரிந்தது.

இவ்வளவும் நல்லாப் போய்க்கொண்டிருந்தபோது 1991-92 வந்தது.

தாய் சாக்புரூட் என்ற வைரஸ். முதலில் தாய்லாந்தில் கண்டறியப்பட்டதால் அந்தப் பேர். வளர்ந்த தேனீ பார்க்க நல்லாத்தான் இருக்கும். புழுக்கள் மட்டும் தண்ணீர் நிறைந்த பை மாதிரி உப்பிச் செத்துப் போகும். புதுத் தேனீ வராமல் கூடு சுருங்கும். தென்னிந்தியாவில் நூற்றுக்குத் தொண்ணூறு கூடுகளுக்கு மேல் அழிந்தன. மருந்து கிடையாது. பாட்டாவிடம் அப்போ முப்பது பெட்டி. மிஞ்சினது இரண்டு. "காலி பெட்டிய அடுக்கி வச்சிருந்தோம், விறகு மாதிரி" என்றார் மாமா. ஊரில் நிறையப் பேர் தொழிலையே விட்டார்கள்.

பாட்டா விடலை. அந்த இரண்டு கூடும் ஏன் பிழைத்தது என்று அவருக்குத் தெரியாது. ஆனா பிழைத்ததைப் பிரித்தார். இரண்டை மூன்றாக்கினார், மூன்றை ஐந்தாக்கினார். நடுவில் சிலது மறுபடி செத்தது. நான் பார்த்த பன்னிரண்டு பெட்டிக்குப் பின்னாடி பத்து வருஷத்துக்கும் மேலான இந்த வேலை இருந்திருக்கு. எனக்குத் தெரிந்தது வெள்ளரிக்காயும் தேனும் மட்டும்.

இப்போ ஆகஸ்டுக்கு வருவோம். ஜூனில் மழை பிடித்தால் ரப்பரில் சுரப்பு இல்லை, பூக்களும் மழையில் நனைந்து கிடக்கும். தேனீக்குப் பஞ்ச காலம். நாம் ஏப்ரலில் எடுத்தது அதுகளோட சேமிப்பு. அதனால நாமதான் சர்க்கரைப் பாகு காய்ச்சி, ஆறவைத்து, பெட்டிக்குள் வைக்கணும். சாயந்திரம்தான் வைக்கணும், பகலில் வைத்தால் பக்கத்துக் கூட்டுத் தேனீ கொள்ளையடிக்க வந்துவிடும். வாரா வாரம் அடிப்பலகையைத் துடைத்து அந்துப்பூச்சி இருக்கா என்று பார்க்கணும். நலிந்த கூட்டை இன்னொன்றோடு சேர்க்கணும். இந்த மாதங்களில் ஒரு சொட்டுத் தேன் கிடைக்காது. ஆனா விட்டால் பறந்து போய்விடும்.

நம்ம வேலையில் ஆன்-கால் என்று ஒன்று இருக்கே, அதுதான் ஆகஸ்ட். ரிலீஸ் அன்னைக்கு எல்லாரும் இருப்போம். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழும்போது யார் எழுந்திருக்கிறார் என்பதுதான் விஷயம். வேலையை விட்டுட்டு விவசாயம் பண்ணப் போறேன்னு பேசுகிற நண்பர்கள் எல்லாருக்கும், என்னையும் சேர்த்துத்தான், மனசில் ஓடுற படம் ஏப்ரல். இந்த நூறு வருஷக் கதையில் பெட்டியைக் கண்டுபிடிச்சவங்க பேர் நமக்குத் தெரியும். மழைக்காலத்தில் பாகு வைத்து அதைக் காப்பாற்றினவங்க பேர் எதிலும் இல்லை. ஆனா அவங்க இல்லாம பெட்டி வெறும் மரம்தான்.

இதை எல்லாம் படித்த பிறகு மாமாவுக்குத் திரும்பப் போன் பண்ணினேன். நாலு பெட்டியையும் என்னால தனியா பார்க்க முடியாது என்று ஒத்துக்கொண்டேன். இரண்டை, ஏற்கெனவே தேனீ வளர்க்கிற பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்துவிடலாம். மீதி இரண்டை, வார நாளில் மாமாவும், மாசத்தில் இரண்டு சனி ஞாயிறு நானும் பார்ப்பது. ஜூன் முதல் செப்டம்பர் வரை குழித்துறைக்கு டிக்கெட் போட்டுவிட்டேன்.

"ஆகஸ்ட்ல வாரேன் மாமா. ஆனா எனக்கு ஒண்ணும் தெரியாது, நீங்க கூட நின்னு சொல்லித் தரணும்" என்றேன்.

"வா. வரும்போது சீனி வாங்கிட்டு வா, அஞ்சு கிலோ" என்றார்.

இரண்டு பெட்டியும் தங்குமா, அடுத்த பிப்ரவரியில் தளிர் வரும்போது உள்ளே கூட்டம் இருக்குமா என்று இப்போ சொல்ல முடியாது. இருந்தால் உங்களுக்குச் சொல்றேன். பறந்து போய்விட்டாலும் சொல்றேன். உங்க வீட்டிலும் இப்படி யாராவது சத்தமில்லாமல் காப்பாற்றிக்கொண்டு வந்த ஒன்று இருந்தால், அவங்க இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.