மலைப்பாதையும் மெக்கானிக்கும்

சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற மாஞ்சோலை வனத்திற்கு மணிமுத்தாற்றிலிருந்து வளைந்தேறும் பாதை, பெட்ரோல் இயந்திரங்களுக்கு என்றுமே கடுமையான பரீட்சைதான். கார் திணறினால், பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றியும் ஓசை மாறவில்லையோ அந்த சிலிண்டரிலேயே தோஷம் என்று நிர்ணயிப்பது அக்கால மெக்கானிக்குகளின் சம்பிரதாயம். அதற்குக் காதைத் தவிர வேறு உபகரணம் வேண்டியதில்லை.

பின்னர், பாரத் ஸ்டேஜ் 4 என்னும் புகை வெளியேற்ற விதிக்கு உட்பட்ட கார்களில் 2010 ஏப்ரல் முதல் சுயபரிசோதனை அமைப்பு கட்டாயமாயிற்று. 2013-இல் அதன் இரண்டாம் கட்டம் வந்தது. இந்த அமைப்பு காட்டும் பி0301 என்னும் சங்கேதம் முதல் சிலிண்டரில் எரிப்புத் தவறுவதை அறிவிக்கும். ஆனால் குற்றம் பிளக்கிலா, காயிலிலா, இன்ஜெக்டரிலா என்று சொல்லாது. ஆகவே காயிலை இரண்டாம் சிலிண்டருக்கு மாற்றிப் பொருத்தி, சங்கேதம் பி0302 ஆகிறதா என்று சோதிக்கிறார்கள். பழைய ஒயர் வித்தையின் நேர் வாரிசென்றே இதை நான் கருதுகிறேன்.