குழவியரும் நற்கருணையும்

நம் உறவின்முறையாருள் கிறிஸ்து சமயத்தைத் தழுவிய குடும்பத்தாரும் உளர். அவருள் கத்தோலிக்கர் ஒருவரின் ஐந்தாண்டு மகள், தாய் நற்கருணை பெறக் கண்டு தானும் வாய்திறந்து நின்று, பெறாது மீண்டு, வீடு வருமளவும் அழுதாளாம். “ஆதிமுதல் வந்த வழக்கம், யாம் என் செய்வது?” என்றார் தந்தையார். ஆதி வழக்கம் அதுவன்று என்பதை ஈண்டுக் காட்டப் புகுந்தாம்.

வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் நகர மேற்றிராணியாராயிருந்த சிப்ரியான் என்பார், ஏறக்குறைய கி. பி. 251-இல் எழுதிய நூலொன்றில் ஒரு செய்தி கூறுகின்றார். உரோம அரசினர் கிறிஸ்தவரைத் துன்புறுத்திய காலத்தே, பெற்றோர் ஓடிப்போக, செவிலி ஒருத்தி பேச்சறியாப் பெண்மகவை அதிகாரிகளிடம் கொண்டு சென்றாள். அவர்கள் விக்கிரகத்திற்குப் படைத்த மதுவில் அப்பத்தைத் தோய்த்து அதற்கு ஊட்டினர். பின்னர்த் தாய் அம்மகவைக் கோயிலுக்குக் கொணர்ந்தபோது, அது கிண்ணத்தை ஏலாது வாயை இறுக மூடிற்று. உதவிக்குரு வலிந்து புகட்டக் கான்றுவிட்டது. இதனைச் சிப்ரியான் பெரியதோர் அற்புதமாக எழுதினார். எமக்கோ, அவர் வியவாது விட்டதொன்றே வியப்பாகின்றது. கைக்குழவிக்குக் கிண்ணம் நீட்டப்பட்டமையை அவர் புதுமையாகக் கருதிற்றிலர்!

பின்னை அவ்வழக்கம் எவ்வாறு ஒழிந்தது? அப்பம் விழுங்கமாட்டாக் குழவியர்க்கு மேனாட்டார் பெரும்பாலும் திராட்சை இரசமே வழங்கிவந்தனர். 12, 13-ஆம் நூற்றாண்டுகளில், இரசம் சிந்துமோ என்னும் அச்சத்தாற் பொதுமக்கட்குக் கிண்ணம் மெல்ல நிறுத்தப்பட்டது. வளர்ந்தோர்க்கு அப்பம் எஞ்சிற்று. குழவிக்கோ யாதும் எஞ்சவில்லை. 1215-இல் இலாத்தரானிற் கூடிய பொதுச்சங்கம், விவேகம் வந்தோர் ஆண்டுக்கொருமுறையேனும் நற்கருணை பெறல் கடன் என விதித்தது. கடமைக்கு வகுத்த எல்லையே நாளடைவில் தடைக்கும் எல்லையாயிற்று. 1562-இல் திரெந்து நகரத்துப் பொதுச்சங்கம், விவேகமறியாச் சிறார்க்கு அஃது இன்றியமையாததன்று என்றதேயன்றி, வழங்கிய முன்னோரைப் பழித்திலது. பிற்காலத்தே பத்து, பன்னிரண்டு ஆண்டெனத் தள்ளிப்போன வயதினை, 1910-இல் பத்தாம் பயஸ் பாப்பரசர் ஏறக்குறைய ஏழாகக் குறைத்தார்.

தன்னைத்தான் ஆராய்ந்தறிந்தே உண்ணல்வேண்டும் என்னும் பவுலடிகளின் மொழியைச் சிலர் தடையாகக் காட்டுவர். கொரிந்து நகரத்தில் வறியவர் பசித்திருக்கத் தாம் வயிறார உண்டோரைக் கடிந்தன்றோ அவர் அது கூறினார்? குழவியர் அப்பழிக்கு உரியரல்லர் என்பதே எம் துணிபு.

கிரேக்க, ருஷிய ஆர்த்தடாக்ஸ் சபையார் இன்றும் கைக்குழவிக்குச் சிறுகரண்டியால் நற்கருணை வழங்குகின்றனர். அத்துணைத் தொலைவு செல்லவும் வேண்டா. செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பால், மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையார் ஞானஸ்நானம் பெற்ற அன்றே குழவிக்கும் அதனை ஊட்டுவர். இதனைக் கேட்ட அத்தந்தையார் சிறிதுபோழ்து வாளாவிருந்து, தம் பங்குக் குருவானவரை ஞாயிறன்று வினவுவதாகக் கூறிச் சென்றார்.