ரேடியோவில் கை தூக்கிய பிள்ளைகள்

ஆன்லைன் வகுப்பு என்றதும் நமக்கு 2020 ஊரடங்குதான் நினைவுக்கு வரும். ஆனால் தூரத்தில் இருக்கும் மாணவனோடு ஆசிரியர் நேரடியாகப் பேசிப் பாடம் நடத்துவது ஆஸ்திரேலியாவில் 1951-லேயே தொடங்கிவிட்டது. கம்ப்யூட்டரில் அல்ல, ரேடியோவில்!

ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் உள்ள கால்நடைப் பண்ணைகள் மிகப் பெரியவை. பக்கத்து வீடே பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அங்குள்ள பிள்ளைகளுக்குத் தபாலில் பாடம் வரும். எழுதி அனுப்பினால் திருத்தி வருவதற்குள் என்ன சந்தேகம் என்பதே மறந்துவிடும். (இருப்புநிலைக் குறிப்பின் இரண்டு பக்கமும் சமமாகாமல், கேட்க ஆளும் இல்லாமல் விழித்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும்!)

பண்ணைகளில் ஏற்கெனவே ரேடியோ இருந்தது. ஆல்ஃபிரட் ட்ரேகர் என்பவர் சைக்கிள் போல மிதித்து மின்சாரம் எடுக்கும் ரேடியோவை உருவாக்கி, 1929 முதல் பறக்கும் மருத்துவர் சேவையை அழைக்க அது பயன்பட்டது. டாக்டரிடம் பேச முடிந்தால் டீச்சரிடம் ஏன் பேசக்கூடாது? இப்படி யோசித்தவர் அடிலெய்டு மீத்கே என்ற பள்ளி ஆய்வாளர். அங்குள்ள பிள்ளைகள் பிறரிடம் பேசவே கூச்சப்படுவதை அவர் 1940-களில் கவனித்திருந்தார். 1951 ஜூன் 8 அன்று ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரின் பறக்கும் மருத்துவர் நிலையத்தில் 'ஸ்கூல் ஆஃப் தி ஏர்' முறைப்படி தொடங்கியது.

முதலில் ஆசிரியர் பேசுவார், பிள்ளைகள் கேட்பார்கள், அவ்வளவுதான். பிறகு பாடத்தின் முடிவில் கேள்வி நேரம் சேர்க்கப்பட்டது. என்னைக் கேட்டால் பெரிய மாற்றம் இதுதான். பாடம்தான் தபாலிலேயே வந்துகொண்டிருந்ததே! வராமல் இருந்தது, "எனக்குப் புரியவில்லை" என்று உடனே சொல்லும் வாய்ப்பு. அந்த ரேடியோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பட்டனை அழுத்தி, கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லி, "ஓவர்" என்று முடிக்க வேண்டும். அதனால் பேசுவதற்கு முன்பே கேள்வியை மனதில் ஒழுங்குபடுத்தியாக வேண்டும். ஒரு பிள்ளையின் சந்தேகம் மற்ற பண்ணைகளிலும் கேட்கும்.

குறைகளும் இருந்தன. இரைச்சலில் பாதிப் பேச்சு காணாமல் போகும். நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரியாது. அதைப் பார்க்க அம்மாவோ, வீட்டோடு தங்கிய ஆசிரியையோ பக்கத்தில் உட்கார வேண்டும். 2000-களில் செயற்கைக்கோள் வழி இணையம் வந்து ஆசிரியரின் முகம் திரையில் தெரிந்த பிறகும், அந்த ஆள் தேவைப்படவே செய்கிறார்.